ஆயாவின் பவழம் வந்த வழி

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையின் பெரிய நகைக்கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் நுழைந்தால், இரண்டு பேர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும் பட்டறை ஒன்று இருக்கிறது. அறுந்த சரங்களைக் கோத்துக் கொடுப்பதும், தோட்டுக்குத் திருகாணி மாற்றுவதும்தான் அங்கே வேலை. எங்கள் ஆயாவின் பவழச் சரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனேன். நூல் இற்றுப்போய், அலமாரிக்குள்ளேயே மணிகள் உதிர்ந்து கிடந்தன. ஆசாரி அவற்றைப் பித்தளைத் தட்டில் கொட்டி, விரல் நுனியால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினார். 43.

ஒரு மணியை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்புக்குள் மரக்கட்டையின் ரேகை போல மெல்லிய கோடுகள் நீளவாக்கில் ஓடின. துளையின் ஓரம் நூல் உராய்ந்து வழவழத்து, ஒரு பக்கம் மட்டும் சரிந்திருந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் ஒரே கழுத்தில் கிடந்த தேய்மானம்.

"கோடு ஓடுது பாருங்க, அதான் கடல் பவழம். இத்தாலிப் பவழம்னு சொல்லுவோம். இந்த நெறம் இப்ப வர்றதில்லம்மா."

"எங்க ஆயா மணிமங்கலத்தை விட்டு வெளியூர் போனதே நாலஞ்சு தடவைதாண்ணே. இத்தாலிச் சரக்கு அவங்க கழுத்துக்கு எப்படி வந்துது?"

"அவங்க போகணுமா என்ன? அது வந்திருக்கு."

இரண்டு மணிகள் வெடித்திருப்பதைக் காட்டினார். பட்டு நூலில்தான் கோக்கவேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார். வெடித்த மணிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டேன். 'அது வந்திருக்கு' என்ற சொல் வீடு திரும்பிய பிறகும் விடவில்லை. எப்படி வந்தது என்பதை நான் கொஞ்சம் படித்திருந்தேன். எங்கே வந்து இறங்கியது என்பதைப் போய்ப் பார்த்ததில்லை. அடுத்த புதன்கிழமை காலை, கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறினேன்.

நம் மன்னார் வளைகுடாவில் பவழப்பாறைகள் உண்டு. ஆனால் நகைக்கு ஆகும் சிவப்புப் பவழம் அங்கே விளைவதில்லை. அது மத்தியதரைக் கடலின் சரக்கு. சார்டீனியா, சிசிலி, வட ஆப்பிரிக்கக் கரையோரம் எல்லாம் மூழ்கி எடுத்தார்கள். நம் முத்துக்கு ரோமாபுரிப் பெண்கள் எவ்வளவு ஆசைப்படுகிறார்களோ, அவ்வளவு ஆசை இந்தியருக்குப் பவழத்தின் மேல் என்று முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதிவைத்தார். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெரு வருகிறதே, அங்கேயும் நவமணிகளின் வரிசையில் பவழம் இருக்கிறது. ஆக, ஆயாவின் ஆசை பழைய ஆசை. கல்யாணச் சரட்டில் குண்டுமணிக்குப் பக்கத்தில் ஒரு பவழம், செவ்வாய்க்கு ஒரு மோதிரம், பிள்ளை கையில் கண்ணேறு படாமல் இருக்க ஒரு மணி என்று இந்தக் கரை முழுக்கப் பவழத்துக்குத் தேவை இருந்தது. அந்தத் தேவையைப் புரிந்துகொண்டு, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பவழத்தைச் சென்னப்பட்டணத்துக்குக் கப்பல் கப்பலாக அனுப்பியவர்களில் முன்னே நின்றவர்கள் யூத வணிகர்கள். இன்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும், சென்னையில் யூதர்களா, கொச்சியில்தானே என்பார்கள். கொச்சிக்கு யூதத் தெருவும் தொழுகைக்கூடமும் நிற்கின்றன. இங்கே நிற்பது ஒரு தெருப்பெயர். அதுவும் அவர்கள் பெயரால் இல்லை, அவர்கள் விற்ற சரக்கின் பெயரால்.

ரயில் சானடோரியம் தாண்டி குரோம்பேட்டையில் நின்றபோது இதே யோசனைதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த குரோம் தோல் தொழிற்சாலையின் பெயர்தான் ஊர்ப்பெயராக ஒட்டிக்கொண்டது. தினமும் ஏறி இறங்கும் ஆயிரக்கணக்கானவர்களில் தோலை நினைப்பவர்கள் எத்தனை பேர்? வணிகத்துக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டு. சரக்கின் பெயரை விட்டுவைக்கும், ஆளின் பெயரைக் கொண்டுபோய்விடும்.

பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல். அடுத்து பரங்கிமலை.

பரங்கி என்றால் நமக்குப் போர்த்துக்கீசியர். அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்தவர்களும் உண்டு. 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களைத் துரத்தியது. பலர் போர்த்துக்கலுக்கு ஓடினார்கள். 1497இல் அங்கே அவர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் செய்வித்தார்கள். வெளியே கிறிஸ்தவப் பெயர், வீட்டுக்குள் பழைய நம்பிக்கை என்று பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. 'புதுக் கிறிஸ்தவர்' என்று அவர்களுக்குப் பெயர். அவர்களில் சிலர் கோவாவுக்கு வந்தார்கள். 1560இல் கோவாவிலும் மதவிசாரணை மன்றம் உட்கார்ந்தது. அதன் கை எளிதில் எட்டாத சோழமண்டலக் கரை, சாந்தோம் உட்பட, அவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிடும் இடமாக இருந்தது. பிறகு ஆம்ஸ்டர்டாமுக்கும் லிவோர்னோவுக்கும், 1656க்குப் பிறகு லண்டனுக்கும் போய்ச் சேர்ந்த கிளைகள் வெளிப்படையாக யூதர்களாக வாழத் தொடங்கின. பெயர் மட்டும் போர்த்துக்கீசியமாகவே நின்றது: பைவா, ரொட்ரீகஸ், ஃபொன்சேக்கா, காஸ்ட்ரோ. வீட்டில் பேசியதும் அந்த மொழிதான். சென்னப்பட்டணத்தில் வந்து இறங்கியபோது ஊர்க்கண்ணுக்கு அவர்களும் பரங்கிகளாகவே தெரிந்திருப்பார்கள். துரத்தியவனின் மொழியைத் தாய்மொழியாகச் சுமந்து கடல் கடந்தவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது. நம் மக்களுக்கும் இந்தக் கதை அந்நியமில்லை. ஒரே இரவில் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் நம்மிடையிலும் இருக்கிறார்கள்.

கிண்டியில் கூட்டம் இறங்கி ஏறியது. ரயிலில் இருந்து பார்த்தால் தெரியாது, ஆனால் அந்தப் பக்கத்தில்தான் ஆளுநர் மாளிகை. 1670களில் கவர்னர் லாங்ஹார்ன் தனக்கென்று கட்டிக்கொண்ட தோட்ட வீடு அதன் தொடக்கம். ஊரைவிட்டுப் போகும்போது அதைச் சின்ன வெங்கடாத்ரி என்ற தெலுங்கு வணிகருக்கு விற்றார். இந்த சின்ன வெங்கடாத்ரியைப் பத்து வருஷம் கழித்து இன்னொரு இடத்தில் பார்க்கலாம். 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மேன்களில், அதாவது மன்ற உறுப்பினர்களில், ஒருவர் அவர். இந்தியாவின் முதல் மாநகராட்சி அதுதான். ஆல்டர்மேன் 12 பேர். ஆங்கிலேயர் இருந்தார்கள், போர்த்துக்கீசியர் இருந்தார்கள், நம்மவர் இருந்தார்கள், யூத வணிகர்களும் இருந்தார்கள். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்த ஜோசையா சைல்டின் கணக்கு அது: ஊரின் பெரிய வணிகர்கள் கூடி உட்கார்ந்து தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டால் மனக்கசப்பில்லாமல் கட்டுவார்கள். கம்பெனியின் நோக்கம் பணம்தான். ஆனாலும் லண்டனிலேயே யூதர்கள் எந்த நகரசபையிலும் உட்கார முடியாத காலம் அது என்பதை மறந்துவிட்டு இதைப் படிக்கக் கூடாது. அங்கே கதவுக்கு வெளியே நின்றவர்கள் இங்கே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எங்கள் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது 2021இல். சொத்துவரி ரசீதில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1688இன் அந்த பெஞ்சு ஞாபகம் வரும்.

கோட்டை நிலையத்தில் இறங்கினேன். ஜார்ஜ் கோட்டைக்குள் நுழைந்து, சோதனைகளைத் தாண்டி, புனித மேரி ஆலயத்தின் முற்றத்துக்குப் போனேன். 1680இல் பிரதிஷ்டை ஆன கோயில். சுற்றிலும் தரையில் கல்லறைக் கற்கள் பாவியிருக்கின்றன. இவை முதலில் இங்கே இருந்தவை அல்ல. ஆங்கிலேயரின் பழைய இடுகாடு, இன்றைய சட்டக் கல்லூரி வளாகம் இருக்கும் பக்கம் இருந்தது. 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளை மறைவாக வைத்துச் சுட்டது. அதற்குப் பிறகு கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பதித்தார்கள். மேலே நடந்தால் எழுத்து தேய்ந்த கல் காலில் சொரசொரக்கிறது.

இந்த ஆலயத்தின் முதல் திருமணம் எலிஹு யேலுடையது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர், 1687 முதல் 1692 வரை இங்கே தலைவர். அவர் கதையில்தான் நான் தேடிவந்த குடும்பமும் வருகிறது. ஜாக் டி பைவா, ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த போர்த்துக்கீசிய யூதர். வைர வணிகர். மனைவி ஹிரோனிமாவுடன் 1680களில் இங்கே குடியேறினார். மற்றவர்கள் பட்டணத்தில் உட்கார்ந்து தரகர் கொண்டுவருவதை வாங்கினார்கள். பைவா நேரே கோல்கொண்டாச் சுரங்கங்களுக்கே போனார். அந்தப் பயணத்திலிருந்து நோயோடு திரும்பி, 1687இல் இங்கே இறந்தார். பெத்துநாயக்கன்பேட்டையில் யூதர்களுக்கென்று இருந்த இடத்தில் அடக்கம் செய்தார்கள். ஹிரோனிமா பிற்பாடு யேலுடன் வாழ்ந்தார். ஒரு மகன் பிறந்தான். யேல் லண்டனுக்குப் பெரும் செல்வத்தோடும் வைரங்களோடும் போனார். ஹிரோனிமா தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 1705இல் இறந்தார். யேலின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். கணவனைப் புதைத்த மண்ணையும் விட்டு மகனோடு கப்பலேறிய அந்தப் பெண்ணுக்கு இந்தக் கோட்டையில் ஒரு கல்வெட்டும் கிடையாது. அது எனக்கு உறுத்துகிறது.

பவழத்துக்கும் வைரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அங்கேதான் இந்த வணிகத்தின் சூட்சுமம் இருக்கிறது.

இந்தியாவில் சரக்கு வாங்க ஐரோப்பியனிடம் விற்க ஒன்றும் இல்லை, வெள்ளியைத்தான் கொட்டவேண்டியிருந்தது. நம் ஜனங்கள் ஆசையோடு வாங்கிய மிகச் சில ஐரோப்பியச் சரக்குகளில் பவழமும் ஒன்று. லிவோர்னோவில் யூதர்களுக்குக் குடியுரிமை இருந்தது. அங்கே பவழத்தை வெட்டி, உருட்டி, மெருகேற்றி, நிறவாரியாகத் தரம் பிரித்துப் பெட்டிகளில் அடைத்தார்கள். லண்டனில் இருந்த உறவினர், ஃபிராங்கோ குடும்பம் போன்றவர்கள், அதைப் பெற்றுக் கம்பெனிக் கப்பலில் ஏற்றினார்கள். சென்னப்பட்டணத்தில் ஒரு மருமகனோ தம்பியோ கூட்டாளியோ அதை இறக்கினார். ரொட்ரீகஸ், டொமிங்கோ டு போர்டோ, அல்வாரோ ட ஃபொன்சேக்கா மூவரும் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அப்படிக் கூட்டு வைத்து நடத்தியவர்கள். இறங்கிய பவழம் துபாஷிகள் என்ற இருமொழித் தரகர்கள் வழியாக நம் செட்டி வணிகர்களிடம் போகும். ரொக்கம் உடனே கிடைக்காது, தவணைதான். அந்தப் பவழம் காஞ்சிபுரம், வேலூர், கடப்பை என்று சந்தை சந்தையாக உள்நாட்டுக்குப் போய்க் கடைசியில் மணிமங்கலம் மாதிரி ஒரு கிராமத்தில் ஒரு கழுத்தில் ஏறும். விற்ற பணத்துக்கு வைரம் வாங்கி, சீல் வைத்த சிறு பையில் முடிந்து, அடுத்த கப்பலில் லண்டனுக்கு. அங்கிருந்து பட்டை தீட்ட ஆம்ஸ்டர்டாமுக்கு. போகும்போது பெட்டி பெட்டியாகப் பவழம், வரும்போது மடியில் அடங்கும் வைரம்.

பவழத் தவணை வந்துசேரும்வரை வைரம் காத்திருக்காது. அதனால் யூத வணிகர்கள் இங்கேயே கடன் வாங்கினார்கள். கொடுத்தவர்கள் பெரும்பாலும் கம்பெனி உத்தியோகஸ்தர்கள். அவர்களுக்கும் ஒரு கஷ்டம் இருந்தது: இங்கே சம்பாதித்ததை ஊருக்கு எப்படி அனுப்புவது? இங்கே யூத வணிகரிடம் பகோடா என்ற பொற்காசாகக் கொடுத்துவிட்டு, லண்டனில் அவர் குடும்பத்திடம் பவுனாக வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்குத் துபாயிலிருந்து தாம்பரத்துக்குப் பணம் வரும் வேகத்தைப் பார்க்கும்போது இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆறேழு மாதக் கடல் பயணம், புயல், கொள்ளை, சண்டை எல்லாவற்றையும் தாண்டி அந்தச் சீட்டுக்கு மதிப்பு இருந்ததற்குக் காரணம், இரண்டு பக்கமும் ஒரே குடும்பம் உட்கார்ந்திருந்ததுதான். இந்த வணிகத்தைப் பற்றி கெடாலியா யோகெவ் 1978இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்; அதன் தலைப்பே வைரமும் பவழமும்தான். நம் நகரத்தின் பொருளாதார வரலாற்றில் ஆர்வம் உள்ள யாரும் அதைத் தேடிப் படிக்கவேண்டும்.

பட்டணத்து வணிகத்துக்கு இவர்கள் தந்தது என்ன என்று கேட்டால் நான் வைரத்தைச் சொல்ல மாட்டேன். வைரத்துக்கு வேறு துறைமுகங்களும் இருந்தன. லிவோர்னோவில் இருக்கும் ஒருவன் தவணைக்குக் கொடுத்த சரக்கை நம்பி, முத்தியால்பேட்டைச் செட்டியார் கடப்பைச் சந்தைக்கு மாடு கட்டினாரே, அந்த நீளமான நம்பிக்கைக் கயிறு இந்த ஊரில் கோக்கப்பட்டது. பவழத்தை வாங்கி உள்நாட்டில் விற்ற நம் வணிகர்கள் இல்லாவிட்டால் அது ஒரு முழம்கூட நீண்டிருக்காது. இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

வைரம் பேரம் பேசிய விதத்தை டவர்னியே என்ற பிரெஞ்சு வணிகர் 17ஆம் நூற்றாண்டில் பார்த்து எழுதியிருக்கிறார். வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே உட்கார்ந்து, இடுப்புத் துணிக்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டு, விரலாலேயே விலை பேசி முடிப்பார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. படித்தவுடன் எனக்கு எங்கள் தாத்தா மாட்டுச் சந்தையில் தோள்துண்டுக்கு அடியில் தரகர் விரலை மடக்கியதுதான் கண்ணில் வந்தது. ஆம்ஸ்டர்டாம்காரரும் அப்படித் துண்டுக்குள் கைவிட்டுத்தான் கோல்கொண்டா வைரம் வாங்கியிருக்க வேண்டும்.

எடை போட்டது மஞ்சாடியில். ஐரோப்பியர் கணக்குப் புத்தகங்களில் 'மாங்கெலின்' என்று வரும் எடை நம் மஞ்சாடிதான். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்று கல்வெட்டுகளில் வரும் அதே விதை. எங்கள் தெருமுனையில் அந்த மரம் ஒன்று நிற்கிறது, ஆனைக்குன்றிமணி என்போம். காய் வெடித்து விழும் விதையைப் பொறுக்கித்தான் பல்லாங்குழி ஆடினோம். நாலு விதை ஏறக்குறைய ஒரு கிராம். பர்ஸில் இருந்த ஆயாவின் பவழத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நிறத்தில் அதே மஞ்சாடி. கவர்னர் தாமஸ் பிட் 1702இல் 48,000 பகோடாவுக்கு வாங்கிய பெரிய கல் மஞ்சாடிக் கணக்கில் 300க்குச் சற்று மேல். 1717இல் பிரான்சின் அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். இன்று அது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த பிட் வைர விஷயத்தில் யோசனை கேட்கும் அளவுக்கு மதித்தவர் ஐசக் சார்டோ அபெண்டானா என்ற யூதர். அவர் 1709இல் இந்த ஊரிலேயே கண்மூடினார்.

கோட்டையை விட்டு வடக்கே, உயர் நீதிமன்றத்தைத் தாண்டி மண்ணடிக்குள் நடந்தேன். வெயில் ஏறிவிட்டது. தள்ளுவண்டிகளும் மூட்டை ஏற்றிய மீன்பாடி வண்டிகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயின. இந்தப் பகுதியின் பழைய பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே வியாபாரம் தெரியும். முத்தியால்பேட்டை, தெலுங்கில் முத்துக்களின் பேட்டை. அதையொட்டிப் பகடாலபேட்டை என்று ஒன்று இருந்தது. பகடம் என்றால் பவழம். அந்தப் பேட்டை போய்விட்டது. பவழக்காரத் தெரு இருக்கிறது.

தெருவின் முனையில் நின்று பெயர்ப்பலகையை இரண்டு மொழியிலும் படித்தேன். நீளமான, குறுகலான தெரு. பழைய திண்ணை வைத்த வீடுகள் ஒன்றிரண்டு, மற்றபடி அடுக்குக் கட்டடங்கள், அட்டைப்பெட்டி இறக்கும் லாரி. பவழக் கடை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ஒரு தேநீர்க் கடைக்காரரிடம், "பவழக்காரர் யாருண்ணே இங்க?" என்று கேட்டேன். "அந்தக் காலத்துச் செட்டியாருங்களா இருக்கும்மா," என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. வாங்கி விற்றவர்கள் அவர்கள்தான். மீதிப் பாதியைச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் நாலு பேர் டீ கேட்டு வந்துவிட்டார்கள்.

அங்கிருந்து மேற்கே தங்கசாலைக்கு. பெத்துநாயக்கன்பேட்டையின் யூத இடுகாடு இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. இப்போது சௌகார்பேட்டையின் நெரிசல், வெள்ளிக் கடைகள், ஜிலேபி வாசனை. குஜராத்தி, மார்வாடி பேசும் நகை வணிகர்கள். எனக்கு இது பொருத்தமாகவே பட்டது. இன்று உலகத்தின் வைரம் பெரும்பகுதி பட்டை தீட்டப்படுவது சூரத்தில். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் யூதர்கள் நடத்திவந்த வைரச் சந்தையில் இன்று பாலன்பூர் ஜைனர்களே முன்வரிசை. அங்கே பேரம் முடிந்ததும் கை குலுக்கிச் சொல்லும் சொல் 'மஸல்'. எபிரேயச் சொல், நல்லதிர்ஷ்டம் என்று அர்த்தம். அதைச் சொன்னபின் யாரும் பின்வாங்க மாட்டார்கள். ஜைனர்களும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். தாளில் கையெழுத்து இல்லை. துண்டுக்குள் விரல் மடக்கிய காலத்தின் மிச்சம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

பட்டணத்து வைர வணிகம் மெல்ல மெல்லத்தான் ஓய்ந்தது. 1720களில் பிரேசிலில் வைரம் கிடைத்தது, விலை விழுந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் பட்டணத்தைப் பிடித்து மூன்று வருஷம் வைத்திருந்தார்கள். கோல்கொண்டாச் சுரங்கங்களும் வற்றின. அப்படியும் சாலமன் ஃபிராங்கோ போன்றவர்கள் விடாமல் வந்து உட்கார்ந்தார்கள். அவர் 1763இல் இங்கேயே இறந்தார். மோசஸ் டி காஸ்ட்ரோ இன்னும் சில காலம் நடத்தினார். 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எண்ணிக்கையில் எந்தக் காலத்திலும் சிறிய கூட்டம், கரைந்துபோனது.

ஒரு ஆட்டோ பிடித்து லாயிட்ஸ் ரோடு போனேன், இப்போது அவ்வை சண்முகம் சாலை. தங்கசாலை இடுகாட்டுக் கற்கள் முதலில் காசிமேட்டுக்கும், அங்கிருந்து 1983இல் இங்கேயும் பெயர்ந்தன. இறந்தபிறகும் இரண்டு தடவை வீடு மாறியவர்கள். சீனர்களின் இடுகாடும் பஹாய்களின் இடுகாடும் பக்கத்திலேயே இருக்கின்றன. யூத இடுகாட்டின் கதவு பூட்டியிருந்தது. கம்பி இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்தேன். 30க்கும் குறைவான கல்லறைகள். சருகு மூடிய தரையில் எபிரேய எழுத்து செதுக்கிய கற்கள் தெரிந்தன. ஒவ்வொரு எழுத்தும் மேலே ஒரு கூரை போட்டதுபோல் இருந்தது. படிக்கத் தெரியாது. இடுகாட்டை எபிரேயத்தில் பெய்த் ஹயிம், உயிரின் வீடு என்பார்கள் என்று மட்டும் தெரியும்.

அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று நினைவில்லை. ஒரு அம்மா காய்கறிப் பையோடு நின்று, "யாரைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டார். பவழம் விற்றவர்களை என்று சொன்னேன். அவர் கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பர்ஸைத் திறந்து அந்த மணியைக் காட்டி, இது எப்படி வந்தது என்று சொல்ல ஆரம்பித்தேன். வெயிலில் பையைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "எங்க அம்மாகிட்டயும் ரெண்டு இருந்துச்சு. தாலியில கோத்திருந்தாங்க," என்றார்.

எழும்பூரில் ஏறித் தாம்பரம் வந்தபோது இருட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனேன். சரம் தயாராக இருந்தது. சிவப்புப் பட்டு நூல், ஒவ்வொரு மணிக்கும் நடுவே சிறு முடிச்சு. முடிச்சு போட்டால் இனி அறுந்தாலும் ஒன்றுக்கு மேல் உதிராது என்றார். நான் வெடித்த மணியைத் திருப்பிக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"இதையும் அந்த இன்னொண்ணையும் கோக்க முடியாதும்மா, நூல் இழுத்தா பொளந்துடும். புதுசு ரெண்டு போட்டுத் தரவா? நெறம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்."

"வேணாண்ணே."

"41தான் வரும். கழுத்துல கொஞ்சம் ஏறி நிக்கும், பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். வெடித்த இரண்டையும் ஒரு சின்னத் தாளில் மடித்துச் சரத்தோடு சேர்த்து என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தார்.